துஆவில் விட்டது

துண்டுச்சீட்டை இமாம் மறுபடியும் வாசித்தார்.

‘தல்ஹா ஹஸ்ரத்துக்குத் தொண்டையில் ஆபரேஷன். குரல் திரும்பி வர துஆச் செய்யவும்.’

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்திருந்தது. நோயாளிகளுக்காக அவர் இறைவனிடம் துஆக் கேட்கும் நேரம். முந்நூறு பேர் காத்திருந்தார்கள்.

தல்ஹா, மதரசாவில் அவரோடு ஒரே பாயில் உட்கார்ந்து ஓதியவன்.

அன்றெல்லாம் அவர்தான் முதல்.

போன வாரம் அண்டை வீட்டாரின் உரிமை பற்றி நாற்பது நிமிடம் பயான் பேசினார். எந்த மதத்து அண்டை வீட்டார் ஆனாலும். தொழுகைக்கு பாங்கு சொல்லும் மோதினார் அதைப் படம் பிடித்துப் பள்ளிவாசல் சேனலில் ஏற்றினார்.

அறுபத்து மூன்று பார்வைகள். அதில் ஒன்பது அவருடையவை.

ஒன்பது முறையும், அது முடிந்த கையோடு தல்ஹாவின் வீடியோ தானாக ஓடத் தொடங்கியது. யார் யார் நரகத்துக்குப் போவார்கள் என்று கத்திக்கொண்டிருந்தான்.

நான்கு லட்சம்.

நிறுத்தத்தான் நினைத்தார். ஒன்பது முறையும் கடைசிவரை பார்த்தார்.

கைகளை உயர்த்தினார்.

“யா அல்லாஹ், என் சகோதரர் தல்ஹாவின் வலியை நீக்குவாயாக.”

“ஆமீன்.”

அவனுடைய ஆயுளுக்குக் கேட்டார். பிள்ளைகளுக்குக் கேட்டார். கண் கலங்கியது. அதில் பொய்யில்லை.

குரலுக்குக் கேட்கவில்லை.

முந்நூறு பேரும் ஆமீன் சொல்லிவிட்டு எழுந்து போனார்கள்.

மோதினார் அந்த துஆவையும் ஏற்றினார். தலைப்பில் தல்ஹாவின் பெயர்.

ஞாயிறு காலைக்குள் இரண்டு லட்சம்.

“ஹஸ்ரத், பிச்சிக்கிட்டுப் போவுது!” மோதினார் ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். “கீழ பாருங்க, எல்லாரும் உங்க பெரிய மனசைத்தான் சொல்றாங்க. அந்த அண்டை வீட்டு பயானைக்கூட ஆறாயிரம் பேர் பாத்துட்டாங்க.”

அப்போதுதான் அவருடைய ஃபோனில் செய்தி வந்தது.

தல்ஹா. பேச முடியாதவன் எழுதியிருந்தான்.

‘எல்லாத்தையும் கேட்டுட்டே. குரலை மட்டும் விட்டுட்டியேடா.’

பக்கத்தில் ஒரு சிரிக்கும் முகம்.

இரண்டு லட்சம் பேரில் அவன் ஒருவனுக்குத்தான் அது காதில் விழுந்திருக்கிறது.

வெகுநேரம் அந்தச் சிரிப்பையே பார்த்தார்.

பிறகு ஃபோனைக் கவிழ்த்து வைத்தார்.

“இப்ப எவ்வளவு?” என்றார் மோதினாரிடம்.