முன்னால் ஓடுகிறவன்

"பெல்ட்டுல புது ஓட்டை போட்டது போதும் ஓய். இனி ஓடும்!"

இன்ஸ்பெக்டர் சொன்ன நாள்முதல் ஏட்டு அய்யம்பெருமாள் இரவு டூட்டி முடிந்ததும் பூட்ஸோடு ஆரல்வாய்மொழி கால்வாய்க்கரையில் ஓடுகிறார். தினமும் முன்னால் ஓர் இளைஞன் ஓடுவான். போலீஸ் பூட்ஸ் சத்தம் கேட்டும் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அந்தத் திமிர் ஏட்டை எரித்தது.

இன்று மூட்டு வலி தாங்கவில்லை. நாளைமுதல் வருவதில்லை என்று முடிவுசெய்தார். அதற்குமுன் அவனை ஒருதடவை பிடித்துவிட வேண்டும். பாலத்தருகே அவன் நின்றதும் மூச்சு வாங்க எட்டிவிட்டார்.

"ஏலே, கண்ணு மண்ணு தெரியாம எதுக்குடே இப்படி ஓடுத?"

"மண்ணு தெரியும் சார். கண்ணுதான் தெரியாது."

ஏட்டு ஓடிவந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். ஒற்றையடிப் பாதை. ஒரு சாண் விலகினால் தண்ணீர்.

"பின்ன எப்படிலே ஓடுத?"

"காத்து இடது கன்னத்துல அடிச்சா பாதை நேரு சார். முன்ன நடக்கத்தான் செய்வேன். இப்போ பின்னால உங்க பூட்ஸ் சத்தம் கேக்குல்லா? விழுந்தா தூக்க ஆளு உண்டுன்னு ஓடுதேன். நாளைக்கும் வருவியளா?"

ஏட்டு மூட்டைத் தடவிக்கொண்டார்.

"வாறேன் மக்கா. கொஞ்சம் மெதுவா ஓடு. தூக்கணும்னா நான் வந்து சேரணும்லா?"