வலது டேங்க்

லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த மெக்கானிக்கின் நெஞ்சில் சொட்டென்று டீசல் விழுந்தது. தலையை நகர்த்தி மேலே பார்த்தான். வலது டேங்கிலிருந்து வரும் குழாய் கசிந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு சாண் தள்ளி சைலன்சர்.

“டீசல்தானே, பெட்ரோலா என்ன பத்திக்கிறதுக்கு?” என்று கேட்பவர்களிடம் அவன் வாதாடுவதில்லை. இடது கைச் சட்டையைச் சுருட்டி, முழங்கை வரை வெந்து சுருங்கிய தோலைக் காட்டுவான்.

“என்னடா மோப்பம், ஆப்டுச்சா?” என்று டிரைவர் குரல் கொடுத்தார். எங்கே கசிந்தாலும் மூக்கை வைத்தே பிடித்துவிடுவான் என்பதால் அவர் வைத்த பெயர் அது. “வெயில் ஏறுறதுக்குள்ள நான் மலை ஏறியாகணும்.”

டிரைவரின் மகள் மலைக்கு அந்தப் பக்கம் குடிபோகிறாள். கட்டில், பீரோ, தையல் மிஷின் எல்லாவற்றையும் பின்னால் ஏற்றிக் கயிறு கட்டியாயிற்று. அவளும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் முன்னால் அப்பாவோடு உட்கார வேண்டியதுதான் பாக்கி. வண்டிதான் ஸ்டார்ட் ஆகி, இரண்டு தடவை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது.

பழைய லாரி, இரண்டு டேங்க். மூன்று வாரத்தில் இது மூன்றாவது கசிவு. முதலில் இடது டேங்க், பிறகு டேங்கை மாற்றிவிடுகிற வால்வு, இன்றைக்கு வலது. மூன்று தடவையும் லோடு கிளம்புகிற காலையில், டிரைவர் வீட்டு வாசலிலேயே. ஓடுகிற வழியில் ஒரு நாளும் இல்லை.

மெக்கானிக் குழாயைத் துணியால் ஈரம் போகத் துடைத்தான். பையிலிருந்த முகப்பவுடரை எடுத்து நீளமாகத் தூவினான். “அண்ணே, கைப்பம்பை நாலு அடி அடிங்க.”

டிரைவர் பம்ப் அடித்தார். வெள்ளைப் பவுடரில் ஒரு நட்டின் ஓரமாகக் கறுப்பாய் ஈரம் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது.

“வந்து பாருங்கண்ணே. எவ்வளவு பெரிய கோடு!”

டிரைவர் குனிந்தார். மூக்கு குழாயில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். “எங்கடா? எல்லாம் காய்ஞ்சுதானே கிடக்கு. சும்மா பயமுறுத்தாத.”

கிளம்புகிற அவசரத்தில் மனுஷன் இருப்பதையே இல்லை என்கிறாரே என்று மெக்கானிக்குக் கடுப்பு வந்தது. ஸ்பேனரை நட்டில் மாட்டப் போனவன், கையை இழுத்துக்கொண்டான்.

வருஷக்கணக்கான அழுக்கு படிந்து கறுத்துப்போன நட்டு அது. அதன் மூலையில் மட்டும் பளபளவென்று புதுக் கீறல். ஓட்டத்தின் அதிர்வில் தளர்ந்த நட்டு இல்லை. யாரோ ஸ்பேனர் போட்டு இரண்டு சுற்று கழற்றியிருக்கிறார்கள்.

கசிந்த வழியாகக் காற்று புகுந்து, ஏர் பிடித்து வண்டி இங்கேயே நின்றது யார் செய்த புண்ணியமோ. நிற்காமல் ஓடியிருந்தால்? மலையேற்றத்தில் சைலன்சர் அடுப்பாய்க் கொதிக்கும். உள்ளே இரண்டு குழந்தைகள். வெந்த கையை அவன் தன்னையறியாமல் தடவிக்கொண்டான்.

நட்டை இறுக்கிவிட்டு வெளியே வந்தபோது, டிரைவரின் மனைவி தண்ணீர்ச் சொம்போடு நின்றிருந்தாள். “குடிங்க தம்பி.”

வாயருகே கொண்டுபோன சொம்பு அப்படியே நின்றது. சொம்பில் அவள் விரல் பட்ட இடத்தில் சோப்பு வாசனை. சோப்புக்கும் அடியில், டீசல்.

இருபது வருஷமாக அண்ணி என்று கூப்பிட்டு, அவள் கையால் சாப்பிட்ட வீடு இது. மெக்கானிக் முகத்தை மாற்றாமல் டிரைவரிடம் திரும்பினான். “அண்ணே, சாவியைக் குடுங்க. ஏர் எடுத்துட்டு நானே ஸ்டார்ட் பண்றேன். நீங்க போய்ப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க.”

டிரைவர் சாவியைக் கொடுத்துவிட்டு, சுவரைத் தொட்டுக்கொண்டே உள்ளே போனார். அவர் தலை மறைந்ததும் மெக்கானிக் குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணி, மூணு தடவையும் நீங்கதானா?”

அவள் வாசல்படியை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். “ஆமா.”

“உங்க பேரப்பிள்ளைங்க ஏறப்போற வண்டி! ஒரு பொறி போதும், ஒருத்தர் மிஞ்ச மாட்டாங்க. அண்ணன் மேல என்ன ஆத்திரம் இருந்தாலும் அதுக்காக இப்படியா?”

“ஆத்திரமா?” அவள் அவன் பக்கம் நெருங்கி வந்தாள். “வண்டி எரியணும்னு நான் நினைப்பேனா தம்பி? அது வாசலைத் தாண்டக் கூடாது. எனக்குத் தெரிஞ்ச வழி அது ஒண்ணுதான். கெஞ்சிப் பார்த்துட்டேன், அழுது பார்த்துட்டேன். வெளியில சொன்னா நான் செத்துடுவேன்னு மிரட்டுறார்.”

“எதைச் சொன்னா?”

உள்ளிருந்து பிள்ளைகளின் சிரிப்பும், “ஏறுங்க, ஏறுங்க, தாத்தா பறக்கப் போறேன்!” என்ற டிரைவரின் குரலும் வாசலை நோக்கி வந்தன.

சாவி இருந்த அவன் கையை அவள் இரண்டு கைகளாலும் இறுக்கி மூடினாள்.

“அவர் என்ன கத்தினாலும் இதைக் குடுத்துடாதீங்க. அவருக்குக் கண்ணு தெரியல, தம்பி.”