செம்மலின் கூட்டாளிகள்

வெள்ளைக்கார விருந்தாளிக்கு மீன் முள் எடுத்துக் கொடுக்கும் நாள் ஒன்று வரும் என்று செவந்தி நினைத்ததே இல்லை.

மாரெக் போலந்துக்காரன். நெடுநெடுவென்று வளர்ந்த ஆள், வாழையிலை முன்னால் சம்மணம் போடத் தெரியாமல் காலை நீட்டியும் மடக்கியும் தவித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் லெஸ்யா, உக்ரைன்காரி. கறம்பக்குடி கடைவீதியில் இவர்கள் கார் நின்றபோது, சித்தன்னவாசல் பார்க்க வந்தவர்கள் வழி தவறிவிட்டார்கள் என்று நாலு பேர் வழி சொல்ல ஓடிவந்தார்களாம்.

வழியெல்லாம் தவறவில்லை. இருவரும் செவந்தியின் மகன் செம்மலுடைய கூட்டாளிகள்.

டாக்டருக்குப் படிக்க உக்ரைன் போனவன் அவன். சண்டை வந்ததும் கூடப் படித்த நம்மூர்ப் பிள்ளைகள் எல்லாம் விமானம் ஏறி வீடு வந்து சேர்ந்தார்கள். இவன் மட்டும் வரவில்லை.

அடிபட்டவர்களை லெஸ்யா தன் வேனில் எல்லை வரை கொண்டுவருவாள். அங்கே மாரெக் இன்னொரு வேனோடு காத்திருப்பான். ஸ்ட்ரெச்சரை இதிலிருந்து அதற்கு மாற்றிப் போலந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவான். இரண்டு வேனிலும் மாறி ஏறி, நோயாளியின் கையை விடாமல் கூடவே போகிறவன் செம்மல். வழியில் உயிர் போய்விட்டால் வீடு தேடிப் போய்ச் சொல்வதும் மூன்று பேரும்தான். மூவருக்கும் சம்பளம் கிடையாது.

இதைக் கேட்டு ஆவுடையப்பன் குதித்தபோது, ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று செவந்திதான் புருஷனை அடக்கினாள்.

இப்போது ஒரு மாதமாக மகனிடமிருந்து போன் இல்லை. குண்டு விழுந்து தாடையில் அடி, கட்டுப் போட்டிருக்கிறார்கள், பேச முடியாது என்று ஆவுடையப்பன் வந்து சொன்னார். பேச முடியாவிட்டால் ரெண்டு வரி எழுதக்கூடவா முடியாது என்று கேட்டதற்கு, கையிலும் கட்டு என்றார். அடுத்த வாரம் தஞ்சாவூரில் செவந்திக்கு நெஞ்சில் ஆபரேஷன். அதுவரை மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளக்கூடாது என்று டாக்டர் சொன்னதை அவர் எழுந்தால் உட்கார்ந்தால் சொல்லிக்கொண்டிருந்தார்.

கண்ணால் பார்த்தவர்கள் வாயால் கேட்டால்தான் அவளுக்கு ஆறும். அதற்காகத்தான் காலையிலிருந்து அடுப்படியில் நின்றாள்.

மொழிபெயர்க்க நாத்தனார் மகள் மோகனப்ரியா திருச்சியிலிருந்து கூடவே வந்திருந்தாள். என் பிள்ளைக்குப் பல்லெல்லாம் இருக்கிறதா, என்ன குடிக்கிறான், கஞ்சி மாதிரி ஏதாவது கொடுக்கிறார்களா என்று செவந்தி அடுக்கினாள்.

லெஸ்யா இலையைப் பார்த்தாள். மாரெக் நாலு வார்த்தை சொன்னான். மோகனப்ரியா அதை நாற்பது வார்த்தையாகச் சொன்னாள். சூப் குடிக்கிறானாம், பல் ஒன்றுகூடப் போகவில்லையாம், நர்ஸுகளைப் பார்த்துக் கண்ணாலேயே சிரிக்கிறானாம். இங்கிலீஷ் சிக்கனமான பாஷை போலிருக்கிறது என்று செவந்தி நினைத்துக்கொண்டாள். வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

எப்போது வருவான் என்று கேட்டாள். மாரெக் வாயைத் திறப்பதற்குள் மோகனப்ரியாவே, தை பிறப்பதற்குள் வந்துவிடுவான் என்றாள்.

ஆவுடையப்பன் சாப்பிட உட்காரவில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு வருகிறேன் என்று கொல்லைப் பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். மகன் சொல் பேச்சுக் கேட்காத கோபம் மனிதருக்கு இன்னும் தீரவில்லை.

லெஸ்யாவின் கண் கலங்கியது. குழம்பில் காரம் கூடிவிட்டது என்று தன்னையே நொந்துகொண்டு, செவந்தி அவளுக்கு ஒரு வாழைப்பழம் உரித்துக் கொடுத்தாள். இந்தப் பெண்ணும் அந்தப் பையனும் என் பிள்ளையைத் தனியாக விடவில்லை என்று நினைக்க நினைக்க அவளுக்கு இருவர் மேலும் பாசம் பொங்கியது.

கை கழுவியதும் கிளம்பும் நேரமாயிற்று. மகனுக்குக் கூடப்பிறந்தவள் போல இருந்தவளை வெறுங்கையோடு அனுப்பலாமா? பூவும் குங்குமமும் ஒரு புதுச்சேலையும் எடுக்க செவந்தி உள்ளே போனாள்.

தட்டோடு வந்து பார்த்தால் கூடத்தில் இருவரும் இல்லை.

வாசலுக்கு வந்தாள். மாரெக்கும் லெஸ்யாவும் காரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். தலை குனிந்திருந்தது. ஒரு கும்பிடு இல்லை, ஒரு கையசைப்பு இல்லை. ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கார் நகர்ந்தது.

மோகனப்ரியாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க அத்தை. அவுகளுக்கு நம்ம வழக்கமெல்லாம் தெரியாது."

செவந்தி தட்டோடு நின்றாள். இந்த ஊரில் ஒரு வீட்டிலிருந்து மட்டும்தான் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவார்கள். போய்விட்டு வருகிறோம் என்று சாவு வீட்டில் யாரும் சொல்வதில்லை.

அவர்கள் தேசத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டா என்று அவளுக்குத் தெரியாது. அதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, அவர்களோடு சாவு வீடுகளுக்கெல்லாம் போய்வந்தவன் ஒருத்தன்தான் இருந்தான்.

கொல்லைப் பக்கத்திலிருந்து வந்த ஆவுடையப்பன் அவளுக்குப் பின்னால் நின்றார்.

செவந்தி திரும்பாமலே கேட்டாள்.

"எப்பங்க?"