ஓட்டத் தெரியாதவளின் கார்

"ஸ்டீயரிங் பிடிக்கத் தெரியாத உனக்கு எதுக்கும்மா எலெக்ட்ரிக் கார்?"

மகன் ரோலண்ட் கத்தியதற்கெல்லாம் தெல்மா அசரவில்லை. அடுப்பில் பீன்ஸைக் கிளறிக்கொண்டிருந்தாள். உள்ளறையில் கணவர் எமிலின் ஆக்ஸிஜன் மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

"ஜன்னல் வழியா பனிக்காத்து சீறுது. சுவத்துக்குப் பஞ்சு அடைச்சு, புது ஹீட்டர் வச்சா அப்பா இந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவார். மூவாயிரத்து இருநூறு டாலர் வரைக்கும் வரியில கழியும்."

"கழிக்கறதுக்கு வரி இருக்கணுமேடா. ரெண்டு கிழங்களோட பென்ஷனுக்கு என்ன வரி வந்துடப்போகுது? காருக்கு சர்க்கார் சலுகை ஏழாயிரத்து ஐந்நூறு. கடைக்காரனே விலையில குறைச்சுடுவான்."

"சலுகை பெருசுங்கறதுக்காக யானையை வாங்கிக் கட்டுவியா?"

"தீனி நான் போட்டுக்கறேன். உன்னைக் கேக்கல."

"கையில இருக்கறது ஒரு செலவுக்குத்தான். அப்பா உசிரு முக்கியமா, கார் பவிசு முக்கியமா?"

தெல்மா கரண்டியை நங்கென்று வைத்தாள். நாற்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"அவர் உசிரைப் பத்தி நீ எனக்குப் பாடம் எடுக்காதே. குளிருக்கு விறகு இருக்கு, கம்பளி இருக்கு. கார்தான் வாங்கப்போறேன். போய் உன் ஜோலியைப் பாரு."

சொன்னபடி வாங்கியும் விட்டாள். கார் வாசலிலேயே நின்றது. தெருவே சிரித்தது. ரோலண்ட் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

ஜனவரியில், விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாகிற உறைமழை கொட்டியது. மேய்ன் மாநிலம் முழுக்க மரங்கள் முறிந்து கம்பிகள் அறுந்தன. கரண்ட் வர நாலு நாள் ஆகுமென்றார்கள். அப்போதுதான் ரோலண்டுக்கு அப்பாவின் நினைப்பு வந்தது. கரண்ட் இல்லாமல் அப்பாவின் மெஷின்?

அம்மா போனை எடுக்கவில்லை. வழுக்குகிற சாலையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, கதவைத் தள்ளினான்.

பீன்ஸ் வாசனை. உள்ளறையில் அதே இரைச்சல். மூக்கில் குழாயோடு எமில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்.

மெஷினிலிருந்து கிளம்பிய ஆரஞ்சு ஒயர் ஜன்னல் இடுக்கு வழியாக வெளியேறி, வாசலில் நின்ற காருக்குள் இருந்த பிளக் பாயிண்ட்டில் செருகியிருந்தது.

"ஏண்டா வாயைப் பிளக்கறே?" கையிலிருந்த சீட்டை இறக்கினாள் தெல்மா. "ஓட்டறதுக்கு வாங்கறேன்னு நான் எப்பவாவது சொன்னேனா?"