மூன்றாவது அடி

தோள்பட்டைகள் உரிந்து எரிந்தன. பத்து நாளாக டிரம் சுமந்து, ஊர் ஊராகப் போட்டிக்குப் போய், பள்ளிக்கூடத் தரைகளில் படுக்கிறோம். ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்து எங்கள் அணியில் பேஸ் டிரம் என்ற பெரிய முரசு ஐந்து. ஆளுக்கோர் அடியாக ஐந்தடியும் வரிசையில் ஓடவேண்டும். மூன்றாவது அடி கஜானனுடையது. முந்தாநாள் பயிற்சியில், வெயிலில் மயங்கி விழுந்தான். "நடிப்பு" என்று சொல்லிப் பயிற்சியாளர் யோகன் அண்ணை அவனை வீட்டுக்கு ரயிலேற்றிவிட்டார். என் அப்பாவை இறைச்சித் தொழிற்சாலையிலிருந்து இரண்டுமுறை அப்படி மயங்கிய நிலையில் தூக்கிவந்திருக்கிறார்கள். அது நடிப்பல்ல.

இன்று காலை கஜானனின் இடத்தை வெறுமையாக விட்டு, மற்ற நால்வரும் அடித்தோம். ஐந்தடி கேட்டது.

"நீயோ ரெண்டுதரம் அடிச்சனி?" என்றாள் பக்கத்தில் நின்ற மிதுசா.

"என்ர ஒரு அடிக்கே கை ஏலாமக் கிடக்கு."

அண்ணை கைபேசியில் எடுத்த பதிவைப் போட்டுக் கேட்டார். ஐந்தும் சுத்தமாக இருந்தன.

"அண்ணை, இறுதிப்போட்டிக்கு அவனைக் கூப்பிடுங்கோ. மன்னிப்பும் கேளுங்கோ" என்றேன்.

"ஏன் தம்பி? ஆளில்லாமலே அடி விழுகுது. சாப்பாடும் மிச்சம்."

நால்வரும் கோல்களைப் புல்லில் போட்டோம். வெற்றிடத்திலிருந்து மூன்றாவது அடி மட்டும் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. அண்ணை கைபேசியை அணைத்துப் பார்த்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்தும் அது நிற்கவில்லை.

கஜானனிடம் அண்ணை கேட்கவேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.