உணவுக்கூடத்தில் ஒரு கயிறு

பழைய துறைமுகத்தைத் தூர்த்து வணிக வளாகம் கட்டிவிட்டார்கள். கடல் இப்போது அரை மைல் தள்ளி இருக்கிறது. படகு கட்டும் குட்டையான இரும்புத் தூண் ஒன்றை மட்டும் அழகுக்காக உணவுக்கூடத்தின் நடுவே விட்டுவைத்தார்கள்.

திங்கட்கிழமை காலை அந்தத் தூணில் ஈரக் கயிறு ஒன்று மாட்டியிருந்தது. மறுமுனை சுவருக்குள் போயிருந்தது. சுவரில் ஓட்டை இல்லை.

"எவன்யா கட்டினது? அறுத்துத் தள்ளு!" என்றார் மேலாளர்.

கத்தியோடு குனிந்த காவலாளி, கயிற்று நுனி வளையத்தைப் பார்த்ததும் கத்தியை மடக்கினான். வளையத்தை இடப்பக்கமாகச் சுற்றி முடிந்து, படகிலிருந்தே தூணில் வீசி மாட்டுகிறவர் இந்தத் துறைமுகத்தில் ஒருவர்தான். பதினெட்டு வருடத்துக்கு முன் படகோடு காணாமல்போன அவனுடைய அண்ணன்.

மேசை துடைத்துக்கொண்டிருந்த அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"இந்த மனுஷன் இன்னும் தப்பாத்தான் முடிச்சுப் போடறாரு!"

"அறுக்கலேன்னா உனக்கு வேலை இல்ல," என்றார் மேலாளர்.

"சரி சார். நீங்களும் ஒரு கை பிடிங்க, கனமா இருக்கு."

அண்ணி ஏற்கெனவே இழுக்கத் தொடங்கியிருந்தாள். என்ன தோன்றியதோ, மேலாளரும் பிடித்தார். கயிறு முழம் முழமாக வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இன்ஜின் வேகம் குறைந்தது.

"மெதுவா இழுடா தம்பி! பெயின்ட் உரசிடப் போவுது!"