நீங்க வேண்டும்

"காதலை எடுத்துவிடவும். பிழை."

சிவப்புப் பேனாவால் இப்படி எழுதித் தாளைத் திருப்பி அனுப்பியிருந்தார் பிழை திருத்துபவர். கதை எழுதியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செல்போனில் ஆடும் கதை விளையாட்டுகளைத் தயாரிக்கிற சின்ன அலுவலகம் அது. ஆறு மாதம் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை வெளியீடு.

"அவருக்குக் காதல்னாலே ஆகாது. தெரியாதா உனக்கு?" என்றான் படம் வரைகிறவன்.

எல்லாருக்கும் தெரிந்ததுதான். சிவப்பு மை என்றுதான் அவருக்குப் பெயரே. லிஃப்ட்டில் ஒட்டியிருக்கும் அறிவிப்பில்கூட விட்டுப்போன ஒற்றெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் ஏறுவார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடத்தில் ஒருநாள் லீவு எடுத்ததில்லை. பின் தெருவில் தனியறை. மனைவி எங்கோ இருக்கிறாள் என்று கேள்வி. விசாரிக்க யாருக்கும் தைரியம் கிடையாது.

விளையாட்டு இதுதான். முந்நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு துறைமுக நகரம். முத்து வியாபாரி ஒருவனைக் காணவில்லை. ஆடுகிறவர்தான் துப்பறிகிறவர். வியாபாரியின் பெட்டியில், அவனுடைய காதலி எழுதிய ஓலை ஒன்று அகப்படுகிறது. இரண்டே சொல். 'நீங்க வேண்டும்.'

'விலகிப் போக வேண்டும்' என்கிற மிரட்டலாக எடுத்துக்கொண்டு ஒரு பொத்தானைத் தட்டினால், காதலியைக் கைது செய்யலாம். 'எனக்கு நீங்கதான் வேண்டும்' என்று படித்து இன்னொன்றைத் தட்டினால் அவளே துப்பறிய உதவிக்கு வருவாள். அவனைத் தேடிப் பிடித்து இரண்டு பேரையும் சேர்த்து வைக்கலாம்.

இந்த இரண்டாவது வழியைத்தான் வெட்டச் சொல்கிறார் மனிதர்.

மேலாளரிடம் போனாள். பிழை திருத்துபவரின் கையெழுத்து இல்லாமல் எதுவும் வெளியே போகாது, நீயே பேசிப் பார் என்று மேலாளர் நழுவிக்கொண்டார். வேறு வழியில்லாமல் சிவப்பு மையின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

அவர் நிமிரவே இல்லை. "இதுல பேச என்னம்மா இருக்கு? அவனைக் கூப்பிடுறதா இருந்தா 'நீங்கள்'னு இருக்கணும். 'நீங்க'ன்னா விலக. நாலாம் வகுப்புப் பாடம்."

"பேசுறப்ப எல்லாரும் நீங்கன்னுதானே சார் சொல்றோம்?"

"எழுதினா எழுத்துக்கு ஒரு முறை இருக்கு. எழுத்துல இருக்கிறதைத்தான் நான் படிப்பேன்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபமும் வந்தது. நல்லவேளையாகக் கோபம்தான் முந்திக்கொண்டது.

"சரி சார். அவ கோபத்துல எழுதினதாவே வச்சுக்குவோம். ஆத்திரத்துல இருக்கிற ஒருத்தி, உட்கார்ந்து இலக்கணமா 'நீங்க வேண்டும்'னு எழுதுவாளா? 'எங்கயாவது போய்த் தொலைங்க'ன்னு எழுத மாட்டாளா?"

பேனா நின்றது.

திட்டப்போகிறார் என்று அவள் நினைத்தாள். அவரோ, துப்பறிகிறவர் கேட்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டார்.

"அதுக்கு முன்னாடி ரெண்டு பேருக்கும் சண்டை. 'உனக்கு என்னதான் வேணும், எழுதிக் கொடு'ன்னு அவன் கத்தியிருக்கான். அதுக்குப் பதிலா அவ இதை எழுதியிருந்தா?"

என் கதையில் அப்படி ஒரு சண்டையே இல்லையே என்று அவள் ஒரு கணம் முழித்தாள். ஆனால் கேள்வி நன்றாக இருந்தது.

"அப்ப சந்தேகமே இல்லை சார். அவனைத்தான் கேக்கிறா."

"அவன் வீட்டை விட்டே போயிட்டானே."

"முட்டாள் சார், அவன்."

அவர் மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார். பாவம், வயதாகிறது, கண் மங்குகிறது போல என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"ரொம்ப நாள் கழிச்சு அவன் திரும்பிப் போறான்னு வை. கதவு திறக்குமா?"

"தட்டினாத்தானே சார் தெரியும்? தட்டாம இருந்தா ஆட்டம் அங்கயேதான் நிக்கும்."

அவர் சிவப்புப் பேனாவை எடுத்தார். தாம் எழுதிய வரியைத் தாமே அடித்தார். கீழே 'காதல் இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் நன்றி சொல்லி முடிப்பதற்குள் எழுந்து போய்விட்டார்.

அலுவலகமே அவளைச் சூழ்ந்துகொண்டது. சிவப்பு மையையே மடக்கிவிட்டாயே, என்ன மந்திரம் போட்டாய் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். மந்திரமெல்லாம் இல்லை, நியாயத்தைப் பேசினேன் என்று அவளும் கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது மேலாளர் ஒரு தாளை நீட்டிக்கொண்டு அறையிலிருந்து வெளியே வந்தார்.

"அவர்கிட்ட என்னம்மா சொன்னே? இதை என் மேஜையில வச்சுட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடுறார்."

இரண்டு வருடத்தில் அவர் எழுதிய முதல் லீவு விண்ணப்பம். காரணம் என்ற இடத்தில் சிவப்பு மையில் இருந்தது:

'என் மனைவி எழுதி வைத்த இரண்டே சொற்களை, இரண்டு வருடங்களாகத் தப்பாகப் படித்திருக்கிறேன். பிழை திருத்தப் போகிறேன்.'